வன்னியின் குளங்களுக்கும் களப்புகளுக்கும் ஏற்ற முதல் மீன்பிடிக் கயாக்: தெரிவு செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

வன்னியில் தூண்டில் போடும் பழக்கமுள்ள பலருக்கு ஒரு கட்டத்தில் கரை போதாமற் போகிறது. குளக்கட்டில் நின்று எறிந்தால் எட்டாத தூரத்தில், பட்ட மரங்கள் நிற்கும் பக்கத்தில்தான் விரால் புரள்கிறது. களப்பில் இடுப்பளவு நீரில் இறங்கி நடந்தாலும் கண்டற் பற்றைகளின் மறுபக்கத்தை அடைய முடிவதில்லை. இயந்திரப் படகு வாங்கும் வசதியோ அதற்கான தேவையோ இல்லாத ஒருவருக்கு, தனியாக இறக்கித் தனியாகச் செலுத்தக்கூடிய, துடுப்பால் ஓடும் சத்தமில்லாத சிறு படகான கயாக் மிகவும் பொருத்தமான கலமாகும். ஆனால் காணொளிகளில் நாம் காணும் கயாக்குகளில் பெரும்பாலானவை வேறு நாட்டு ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் ஏற்பச் செய்யப்பட்டவை. எங்கள் நீர்நிலைகள் பரந்தவை, ஆழம் குறைந்தவை, காற்றுக்கு முழுவதும் திறந்தவை, அடியில் மரக்குற்றிகள் கிடப்பவை. ஆகவே, எந்தக் கயாக்கைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காற்றை எதிர்த்து, களைத்த கையுடன், புறப்பட்ட துறைக்கு இந்தக் கலத்தில் திரும்பி வர முடியுமா? கீழே சொல்லப்படும் நீளம், அகலம், எடை, பொருள் ஆகிய எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

முதற் படி: எந்த நீர் என்பதை முடிவு செய்யுங்கள்

கயாக்கைப் பார்ப்பதற்கு முன்னர், அதனை ஆண்டின் பெரும்பகுதியில் எங்கே இறக்கப் போகிறீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நீருக்கும் ஏற்ற கலம் என்று விற்கப்படுவது எந்த நீருக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, அக்கராயன் போன்ற பெருங்குளங்களில் திலாப்பியா, விரால், கெளுத்தி ஆகியவையே பெரும்பாலும் தூண்டிலில் படும். 1952ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று எங்கள் குளத்து மீன்பிடியின் முதுகெலும்பாக இருக்கிறது. இந்தக் குளங்கள் வயலுக்காகக் கட்டப்பட்டவை என்பதனை மறக்கக்கூடாது. மாரியில் நிரம்பி வான் பாயும் குளம், சிறுபோகத்துக்குத் துருசு (வயலுக்கு நீர் விடும் மதகு) திறந்த பின்னர் மாதத்துக்கு மாதம் வற்றிக்கொண்டே போகும். தை மாதத்தில் வாகனம் நிறுத்திய இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் நின்ற நீர், ஆவணியில் அலைகரையின் சேற்றைத் தாண்டி வெகு தொலைவுக்குப் போய்விடும். அந்தத் தூரம் முழுவதும் கயாக்கைத் தனியாக இழுத்துச் செல்ல வேண்டும் என்பதால், குளத்துக்கு வாங்குபவருக்குக் கலத்தின் எடை முதன்மையான கணக்காகிவிடுகிறது. அத்துடன் நீர் வற்றும்போது, நிரம்பிய காலத்தில் ஆழத்தில் கிடந்த குற்றிகள் நீர் மட்டத்துக்கு அரையடி கீழே வந்து நிற்கும். மெல்லிய அடிப்பாகம் உள்ள எந்தக் கலத்துக்கும் அவை எதிரி.

நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், சுண்டிக்குளம் ஆகிய களப்புகளில் நிலைமை வேறு. ஆழம் பல இடங்களில் முழங்காலளவு முதல் மார்பளவு வரைதான். அடி மணலும் சேறுமாக இருக்கும். கொடுவா, செம்பல்லி, பாரை போன்ற வலுவான மீன்கள் கண்டல் வேர்களின் ஓரத்திலும் நீரோட்டம் உள்ள வாய்க்கால்களிலும் நிற்கும். இங்கே குறைந்த நீரில் தரைதட்டாமல் மிதப்பதும், உப்புநீரைத் தாங்கும் உலோகப் பாகங்கள் இருப்பதும் முக்கியம். மாரியில் முகத்துவாரம் வெட்டிக்கொண்டு கடலுக்குப் பாயும் நாட்களில், அந்த இழுவையைக் கயாக் துடுப்பால் எதிர்க்க முடியாது. அக்காலத்தில் முகத்துவாரத்தை அண்டிய பகுதியை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

திறந்த கடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முல்லைத்தீவுப் பக்கத்துக் கிழக்குக் கடல் முதல் கயாக்குக்கும் முதலாம் ஆண்டுக்கும் உரியதன்று. பூநகரி, நாச்சிக்குடா, விடத்தல்தீவுப் பக்கத்து ஆழமற்ற கடல் அமைதியானதாகத் தோன்றினாலும், அங்கும் அனுபவமுள்ள ஒருவர் துணையின்றி இறங்க வேண்டாம்.

இரண்டாம் படி: காற்றைக் கணக்கில் எடுங்கள்

நீரோட்டம் இல்லாத குளத்தில் புதியவரை ஆபத்தில் தள்ளுவது பெரும்பாலும் காற்றுத்தான். மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் தென்மேற்குக் காற்றான சோளகம் காலையில் அடங்கியிருந்து, வெயில் ஏற ஏற எழுந்து, பிற்பகலில் குளம் முழுவதையும் வெள்ளை நுரையாக்கிவிடும். மாரியில் வாடை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையில் காலைகள் கண்ணாடிபோல் கிடக்கும். ஆனால் பிற்பகலில் இடிமழை திடீரென இறங்கும். காபன் கலந்த தூண்டில் தடி மின்னலைக் கடத்தக்கூடியது என்பதால், இடி கேட்டவுடன் தடிகளைப் படுக்க வைத்து, கரைக்கு வந்துவிட வேண்டும்.

கணக்கு எளிமையானது. சாதாரண உடல்வலு உள்ள ஒருவர் மீன்பிடிக் கயாக்கை அமைதியான நீரில் மணிக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிலோமீற்றர் வேகத்தில் செலுத்தலாம். காற்று பின்னால் இருக்கும்போது மூன்று கிலோமீற்றர் தூரம் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேலான நேரத்தில், முயற்சியே தெரியாமல் கடந்துபோகும். அதே காற்று வலுத்து எதிரே வரும்போது வேகம் மணிக்கு 2 கிலோமீற்றராகக் குறைந்தால், திரும்பும் வழி ஒன்றரை மணித்தியாலம். அதுவும் ஒரு நிமிடம்கூடத் துடுப்பை நிறுத்தாமல். நிறுத்தினால் கலம் பின்னோக்கி நகரத் தொடங்கும். ஆகவே புதியவர் எப்போதும் காற்று வரும் திசையை நோக்கிப் புறப்பட்டு, காற்றுடன் திரும்பும் வகையில் பயணத்தை அமைக்க வேண்டும். மணிக்கு 18 முதல் 20 கிலோமீற்றருக்கு மேல் காற்று வீசும் என்று வானிலை அறிக்கை சொல்லும் நாளில் இறங்காமலிருப்பது நல்லது.

கலத்தைத் தெரிவு செய்வதில் இதன் பயன் என்னவென்றால், பக்கங்கள் உயர்ந்து, கட்டிலைப் போல அகன்று, பார்ப்பதற்குக் கம்பீரமாக நிற்கும் கயாக்குகளைக் காற்று அதிகமாகப் பிடிக்கும். பக்கங்கள் தாழ்ந்த, ஓரளவு நீளமான கலம் எங்களுக்கு ஏற்றது.

மூன்றாம் படி: அமரும் வகை

கயாக்குகளில் இரண்டு அடிப்படை வகைகள் உள்ளன. ஒன்றில் கலத்தின் உள்ளே கால்களை நீட்டி அமர்வீர்கள். மற்றையதில் மூடப்பட்ட தளத்தின் மேல் அமர்வீர்கள். வன்னியில் மீன் பிடிப்பதற்கு மேலே அமரும் வகையையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதில் இரண்டாவது யோசனை தேவையில்லை. உள்ளே அமரும் கலம் கவிழ்ந்தால் அதற்குள் நீர் நிரம்பிவிடும். அதனை நடுக்குளத்தில் தனியாக வெளியேற்றி மீண்டும் ஏறுவது பயிற்சி பெற்றவருக்கே கடினம். மேலே அமரும் கலத்தின் உடல் காற்றடைத்த மூடிய பெட்டி போன்றது, கவிழ்ந்தாலும் மூழ்காது, தளத்தில் விழும் நீர், தளத்திலிருந்து அடிவரை ஊடுருவும் வடிகால் துளைகளால் தானாகவே வெளியேறிவிடும். எங்கள் வெயிலில் கால்களை மூடி வைத்திருப்பதும் துன்பம்.

இந்த வகையில் ஒரு சிறு பாகம் பெரிய வேலை செய்கிறது. கலத்தின் பின்முனையில் விரலளவு மூடி ஒன்று இருக்கும். உள்ளே கசிந்த நீரை வெளியேற்றுவதற்காக அதனைக் கழற்றுவார்கள். அதனைத் திரும்பப் பூட்டாமல் நீரில் இறக்கினால், கலம் மெதுவாக நிரம்பி, நீங்கள் தூரம் போன பின்னரே பாரம் தெரியவரும். அந்த மூடியை ஒரு சிறு கயிற்றினால் கலத்துடன் கட்டி வையுங்கள். மேலதிகமாக ஒன்றைப் பெட்டியில் வைத்திருங்கள்.

நான்காம் படி: நீளம், அகலம், அடிவடிவம், சுமை

குளத்துக்கும் களப்புக்கும் சேர்த்து ஒரே கலம் என்றால், 10½ அடி முதல் 12 அடி வரை நீளமும் 30 முதல் 33 அங்குலம் வரை அகலமும் உள்ள கலத்தைத் தேடுங்கள். 9 அடிக் கலம் மலிவானது, தூக்க இலகுவானது. ஆனால் ஒவ்வொரு துடுப்பு வீச்சிலும் மூக்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருக்கும், காற்றில் நேராக ஓடாது. 13 அடிக்கு மேல் போனால் வேகம் கிடைக்கும். தாமரைக்கும் குற்றிகளுக்கும் இடையில் திருப்புவது சிரமமாகும். வீட்டில் வைக்க இடமும் தேடவேண்டி வரும்.

அகலம் என்பது உறுதியைத் தருகிறது என்பது உண்மைதான். அதற்கு விலையாக வேகத்தைப் பறிக்கிறது. 36 அங்குலக் கயாக்கில் எழுந்து நின்று தூண்டில் எறியலாம் என்று விற்பனையாளர் காட்டுவார். முதல் ஆண்டில் நீங்கள் நிற்கப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் காற்றை எதிர்த்து அதனைச் செலுத்தப்போகிறீர்கள். அடிவடிவத்தைப் பொறுத்தவரை, தட்டையான அடி ஏறியவுடன் அசையாமல் இருக்கும். அலை பக்கவாட்டில் வந்தால் சட்டென்று சாயும். நடுவில் பள்ளமும் இருபக்கமும் மேடுமாக, இரண்டு சிறு வள்ளங்களை ஒட்டியதைப் போன்ற அடி புதியவருக்கு நல்ல உறுதியைத் தரும். லேசான ஆப்பு வடிவ அடி முதலில் ஆடுவதுபோல் தோன்றினாலும், சாய்ந்த நிலையிலும் தாங்கிப் பிடிக்கும். களப்பின் குறுகிய அலையில் இந்தக் கடைசி வகையை நான் விரும்புவேன். குளத்தில் மட்டும் பிடிப்பவருக்கு இரு வள்ளங்களை ஒட்டியது போன்ற அடி போதும்.

சுமையைக் கணக்கிடும்போது அட்டவணையில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது கலம் மூழ்காமல் மிதக்கக்கூடிய எல்லை. நன்றாக ஓடும் எல்லை அதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். உங்கள் எடை 75 கிலோ, தூண்டில் தடிகளும் பெட்டியும் 8 கிலோ, ஐஸ் நிரப்பிய பெட்டி 8 கிலோ, நங்கூரமும் கயிறும் தண்ணீர்ப் போத்தலும் 5 கிலோ, திரும்பும்போது மீன் 4 கிலோ என்று கொண்டால் மொத்தம் 100 கிலோ. அதனை 0.7ஆல் வகுத்தால் 143. அதாவது 145 கிலோவுக்குக் குறையாத கொள்ளளவு எழுதப்பட்ட கலம் உங்களுக்குத் தேவை. இதற்குக் குறைந்ததில் ஏறினால் வடிகால் துளைகள் வழியாக நீர் மேலேறி, நாள் முழுவதும் நனைந்த இருக்கையில் அமர்ந்திருப்பீர்கள்.

ஐந்தாம் படி: எதனால் செய்யப்பட்டது, எங்கே திருத்துவது

கடைகளில் கிடைக்கும் கயாக்குகளில் பெரும்பாலானவை அச்சில் சுழற்றி வார்க்கப்பட்ட பொலிஎத்திலீன் பிளாஸ்ரிக்கினால் ஆனவை. 10 அடிக் கலம் 25 முதல் 30 கிலோ வரையும், 12 அடிக் கலம் 32 முதல் 40 கிலோ வரையும் இருக்கும். குற்றியில் மோதினால் உள்வாங்கி மீளும். கல்லில் இழுத்தால் கீறல் விழும், உடையாது. எங்கள் குளங்களுக்கு இதுவே மிகப் பொருத்தமான பொருள்.

ஆனால் அதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் கரையோரக் கிராமங்களில் பைபர் படகு திருத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பிசினும் நார்ப்பாயும் மீன்பிடி உபகரணக் கடைகளில் கிடைக்கும். பொலிஎத்திலீனில் அந்தப் பிசின் ஒட்டாது. ஒட்டியது போலக் காய்ந்து, முதல் நாள் வெயிலில் உரிந்து விழும். பொலிஎத்திலீன் வெடிப்பை அதே இனப் பிளாஸ்ரிக் கம்பியை வெப்பத்தால் உருக்கி ஒட்டவைத்தே திருத்த வேண்டும். தண்ணீர்த் தாங்கி திருத்துபவர்களில் சிலருக்கு இந்த வேலை கைவந்தது. ஆகவே வாங்கும்போதே திருத்துபவர் ஒருவரை விசாரித்து வைத்திருப்பது நல்லது.

பைபரினால் செய்த கயாக் இலகுவானது, வேகமானது, உள்ளூரிலேயே திருத்தக்கூடியது. களப்பின் மணலடியில் அது மிக நன்றாக ஓடும். பட்ட மரங்கள் நிறைந்த குளத்தில் ஒரு மோதலே அதனைப் பிளக்கப் போதுமானது. நந்திக்கடலில் மட்டும் பிடிப்பவர் பைபரை யோசிக்கலாம். வவுனிக்குளத்தில் பிடிப்பவர் யோசிக்க வேண்டாம்.

காற்றடைக்கும் கயாக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினர், பயணப் பொதிக்குள் அடங்கும் என்பதால் இதைத்தான் கொண்டுவருவார். பை ஒன்றுக்குள் மடித்து வைக்கலாம், மோட்டார் சைக்கிளில் கட்டலாம், தகரக் கூரையின் கீழ் இடம் பிடிக்காது. ஆனால் வன்னியின் கரைகளில் இலந்தை முள்ளும் உடை முள்ளும் சிதறிக் கிடக்கின்றன. கெளிற்றின் பக்கமுள் துணியையே துளைக்கும். அப்படிக் கொண்டுவரச் சொல்வதானால், உள்ளே நூலிழைகளால் இணைக்கப்பட்டு, அழுத்தினால் பலகைபோல் விறைக்கும் தளம் உள்ளதையும், குறைந்தது மூன்று தனித்தனிக் காற்றறைகள் உள்ளதையும் கேளுங்கள். ஒட்டுத் துண்டுகளும் பசையும் கூடவே வரட்டும். காலைக் குளிரில் முழு அழுத்தத்துக்கு அடித்துவிட்டு நண்பகல் வெயிலில் கரையில் போட்டால், உள்ளிருக்கும் காற்று விரிந்து தையலைப் பிரிக்கும். கரையேறியவுடன் சிறிது காற்றைத் திறந்துவிட வேண்டும். கடைகளில் பொம்மைப் பிரிவில் விற்கப்படும் மெல்லிய பிளாஸ்ரிக் தோணிகளை எந்த நீரிலும் மீன்பிடிக்கப் பயன்படுத்தக்கூடாது.

ஆறாம் படி: துடுப்பா, மிதியா

காலால் மிதித்து ஓட்டும் கயாக்குகளில் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று சைக்கிள்போல் சுற்றி உந்துவிசிறியை இயக்குவது. மற்றையது, ஹோபி என்ற கயாக் நிறுவனம் 1997இல் அறிமுகப்படுத்திய, இரு துடுப்புச் செட்டைகளை மாறி மாறி அசைப்பது. கைகள் தூண்டிலுக்கு விடுபடுகின்றன என்பது பெரிய வசதி. ஆனாலும் கலத்தின் எடை பெரும்பாலும் 40 கிலோவைத் தாண்டும், விலை பன்மடங்காகும், அடியில் தொங்கும் பாகம் ஆழமற்ற களப்பில் தரைதட்டும்; தாமரைக் கொடியிலும் மீனவர் இட்ட வலையிலும் சிக்கும். முதல் கயாக்குக்குத் துடுப்பே போதும்.

ஏழாம் படி: எப்படிக் கொண்டு போவீர்கள்?

இதனை வாங்கிய பின்னர் யோசிப்பவர்களின் கயாக்குகள் வீட்டுக் கோடியில் கிடக்கின்றன. பட்டா என்னும் சிறு லொறியிலோ லான்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியிலோ ஏற்றினால் 12 அடிக் கலம் பின்னால் நீண்டு நிற்கும். முனையில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், நடுவில் மட்டுமன்றி அணியத்திலும் பின்முனையிலும் கயிறு போட வேண்டும். முச்சக்கரவண்டியின் கூரையில் 10 அடிக்கு மேல் கட்டுவது ஏ9 வீதியில் உங்களுக்கும் பிறருக்கும் ஆபத்து. கரையிலிருந்து நீர்வரை கொண்டு செல்ல, பழைய சைக்கிள் சில்லு இரண்டையும் பிவிசி குழாயையும் கொண்டு சிறு வண்டி ஒன்றை உள்ளூர் ஒட்டுவேலைக் கடையில் செய்விக்கலாம். சேற்றில் மெல்லிய சில்லு புதையும் என்பதால் அகன்ற றப்பர் சில்லு நல்லது. கடையிலேயே கயாக்கின் ஒரு முனையைத் தூக்கி நூறடி தூரம் இழுத்துப் பாருங்கள். முதுகு எதிர்ப்புச் சொன்னால் அடுத்த சிறிய அளவுக்குப் போங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எட்டாம் படி: வாங்குமுன் சோதித்தல்

பழைய கயாக் ஒன்றை வாங்குவது நல்ல முடிவாக இருக்கலாம், சரியாகச் சோதித்தால். வெயில் ஏறிய நேரத்தில் கலத்தை இரண்டு மரக்கட்டைகளின் மேல் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். தளத்திலுள்ள பெட்டி மூடியைத் திறந்து, கீழிருந்து உங்கள் கண்ணை அந்தத் துளைக்கு அருகில் கொண்டு சென்று உள்ளே பாருங்கள். நல்ல அடிப்பாகம் சீரான மங்கல் வெளிச்சமாகத் தெரியும். பின்முனையின் நடுக்கோட்டில் மட்டும் ஒரு பட்டை பளிச்சென்று ஒளிர்ந்தால், அங்கே பிளாஸ்ரிக் தேய்ந்து மெலிந்திருக்கிறது. தூக்காமல் கொங்கிறீற்றில் இழுத்துத் திரிந்த கலம் அது. அடுத்து வடிகால் துளைகளின் விளிம்பை விரல் நகத்தால் சுற்றித் தடவுங்கள். வண்டியில் ஏற்றி இறக்கும்போது அழுத்தம் அங்கேதான் விழுகிறது. தலைமயிரளவு வெடிப்பில் நகம் தட்டும். பின்னர் ஒரு வாளி நீரை உள்ளே ஊற்றி, மூடியைப் பூட்டி, கலத்தை முன்னும் பின்னும் சாய்த்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். அடியில் ஈரம் தோன்றினால் விலை பேசுவதை நிறுத்திவிடலாம். வெளியில் நிறம் வெளுத்து, கையால் தேய்த்தால் மாப்போல் பொடி ஒட்டுமானால், பல ஆண்டுகள் வெயிலில் கிடந்து பொருள் நொறுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

புதியதோ பழையதோ, நீரில் ஏறிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 20 லீற்றர் தண்ணீர்க் கலன் ஒன்றை நிரப்பிப் பின்தட்டில் வைத்தால் உங்கள் உபகரணப் பாரம் ஏறக்குறைய வந்துவிடும். இடுப்பளவு நீரில் ஏறி அமர்ந்து, இரு கால்களையும் ஒரே பக்கத்தில் தொங்கவிடுங்கள். பின்னர் பின்னால் திரும்பிக் கலனைத் தொடுங்கள். அச்சமின்றி இவ்விரண்டையும் செய்ய முடிந்தால் உறுதி போதுமானது. காற்றுக்குக் குறுக்காகச் சிறிது தூரம் செலுத்தி, மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் பாருங்கள். அரை மணித்தியாலம் அமர்ந்த பின்னர் தொடை மரத்துப் போனால் இருக்கை உங்களுக்கு ஒவ்வாது. சட்டத்தில் துணி இழுத்துக் கட்டிய உயர்த்தப்பட்ட இருக்கை முதுகுக்கும் காற்றோட்டத்துக்கும் மிக நல்லது.

ஒன்பதாம் படி: கலத்துடன் சேர்த்து வாங்க வேண்டியவை

உங்களிடமுள்ள தொகையில் நான்கில் ஒரு பங்கையாவது இவற்றுக்கென ஒதுக்கி வையுங்கள்.

உயிர்காப்பு அங்கி முதலாவது. காற்றடைப்பது வேண்டாம், நுரை உள்ளதை, உங்கள் எடைக்கு உரியதை வாங்குங்கள். அணிந்து பட்டிகளை இறுக்கிய பின்னர் ஒருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கும்போது, அது காதுவரை ஏறினால் அளவு பெரிது. கயாக்கின் இருக்கை முதுகில் உயர்ந்திருப்பதால், பின்பக்கத்தில் நுரை மேற்பகுதியில் மட்டும் உள்ள அங்கி வசதியானது. அதில் ஊதல் ஒன்றைக் கட்டுங்கள். நீச்சல் தெரிந்தவருக்கும், முழங்கால் ஆழக் களப்பிலும் இது கட்டாயம். சேற்றில் கால் புதைந்து முகம் நீரில் விழுவதற்கு முழங்கால் ஆழம் போதும்.

துடுப்பின் நீளம் கலத்தின் அகலத்தையும் உங்கள் உயரத்தையும் பொறுத்தது. 30 அங்குலக் கலத்தில் ஐந்தரை அடிக்குக் குறைந்த உயரமுள்ளவருக்கு 230 சென்ரிமீற்றர், 32 அங்குலக் கலத்தில் சராசரி உயரமுள்ளவருக்கு 240, உயர்ந்த இருக்கையும் அகன்ற கலமும் என்றால் 250. பைபர் தண்டுள்ள துடுப்பு வாங்குங்கள். அலுமினியத் தண்டு வெயிலில் கையைச் சுடும், உப்பில் பொருத்து இறுகி, பிரிக்கவே முடியாமற் போகும். துடுப்பைக் கலத்துடன் சிறு கயிற்றினால் இணைத்து வைக்க வேண்டும்.

நங்கூரம் ஒன்றரைக் கிலோ எடையுள்ள மடிப்பு வகை போதும். அதன் கயிற்றை அணியத்திலோ பின்முனையிலோ மட்டும் கட்டுங்கள். பக்கத்தில் கட்டினால் அலை வரும்போது கலத்தை அது இழுத்துக் கவிழ்த்துவிடும். கயிற்றின் மேல்முனையில் ஒரு மிதவையும் கழற்றும் கொளுக்கியும் இருந்தால், ஆபத்தில் ஒரு நொடியில் விடுவித்துக்கொண்டு போகலாம். பட்ட மரங்களுள்ள குளத்தில் நங்கூரம் சிக்கிக்கொள்ளும். அங்கும் களப்பிலும் நீண்ட தடி ஒன்றைச் சேற்றில் ஊன்றி அதில் கட்டுவதே எங்கள் மீனவர்கள் காலங்காலமாகச் செய்வது. அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. கூரிய கத்தி ஒன்று அங்கியில் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தங்கூசி வலையில் கையோ துடுப்போ மாட்டினால் அது தேவைப்படும்.

தடி தாங்கிகள் இரண்டு போதும். மீன் தேடும் மின்கருவியையும் விளக்கு வரிசையையும் முதல் ஆண்டில் மறந்துவிடுங்கள்.

பத்தாம் படி: அனுமதியும் மனிதர்களும்

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழேயே படகுப் பதிவும் மீன்பிடி அனுமதிகளும் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. குளங்களில் மீன்குஞ்சு விடுவது போன்ற பணிகளைத் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை செய்கிறது. அணையும் துருசும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. கலத்தை வாங்குமுன் மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்கு ஒருமுறை சென்று, நீங்கள் நினைத்திருக்கும் நீர்நிலையின் பெயரைச் சொல்லி, என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்து 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது; கொக்கிளாய்க் களப்பும் மன்னாரின் கட்டுக்கரைக்குளமும் சரணாலயங்கள். அங்கெல்லாம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் விதிகள் பொருந்தும். கரையோரங்களில் கடற்படைக்கும் தகவல் சொல்லிவிட்டு இறங்குவது தேவையற்ற சிக்கலைத் தவிர்க்கும்.

அலுவலகத்தைவிட முக்கியமானவர்கள் அந்தக் குளத்து மீனவர்கள். அவர்கள் மாலையில் வலை இட்டு விடியலில் எடுப்பவர்கள். உங்களுக்குப் பொழுதுபோக்கான நீர் அவர்களுக்குச் சோறு. துறையில் நிற்பவரிடம் போய், "அண்ணை, இந்தப் பக்கத்தால இறக்கலாமோ? எந்தப் பக்கம் வலை கிடக்குது? முதலை ஏதும் நிக்குதோ?" என்று கேட்டால், எந்தக் காணொளியும் தராத தகவல் கிடைக்கும். மிதவைகளைக் கண்டால் சுற்றிப் போங்கள். வலையைத் தூக்கிப் பார்க்காதீர்கள்.

வன்னிக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பழக்கமில்லாத கரையில், குறிப்பாகப் போர் நடந்த பகுதிகளில், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தைத் தாண்டிக் கால் வைக்க வேண்டாம். ஊரவர் நாளாந்தம் பயன்படுத்தும் துறைகளிலேயே இறங்குங்கள். சேற்றில் உலோகப் பொருள் எதையேனும் கண்டால் தொடாமல் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

பதினோராம் படி: மீன்பிடிக்கு முன் ஏறப் பழகுங்கள்

கயாக் வீட்டுக்கு வந்தவுடன் தூண்டிலை எடுக்காதீர்கள். ஊரவர் குளிக்கும் துறையில், பகலில், துணைக்கு ஒருவருடன், மார்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழுங்கள். கவிழ்ந்த கலத்தின் அடியின் மேலாக எட்டி மறுபக்க விளிம்பைப் பிடித்து, உடல் எடையைப் பின்னால் சாய்த்தால் அது நிமிரும். பின்னர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்று, இரு கைகளையும் தளத்தின் மேல் போட்டு, கால்களை நீரின் மேற்பரப்புக்கு உதைத்து உயர்த்தி, வயிறு இருக்கையின் மேல் வரும்வரை தளத்தின் குறுக்கே சறுக்குங்கள். அதன்பின் மல்லாந்து புரண்டு அமர்ந்து, கால்களை உள்ளே எடுங்கள். மேலே ஏற அவசரப்பட்டுக் கையால் ஊன்றி எழும்பினால் கலம் உங்கள் மேல் கவிழும். கால் தரையில் படாத ஆழத்திலும், அங்கி அணிந்தபடி, துணையின் உதவியின்றி இது கைவரும்வரை தனியாக நடுக்குளத்துக்குப் போகக்கூடாது. எந்த முயற்சிக்குப் பின்னும் ஏற முடியாத கயாக்கை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், கைமாற்றிவிடுவதே நல்லது.

சதுப்பு முதலைகள் வன்னிக் குளங்களில் வாழ்கின்றன. பெரும்பாலும் அவை மனிதரைக் கண்டால் விலகிப் போகும். ஆயினும் கால்களை நீரில் தொங்கவிட்டு மீன் பிடிப்பதும், பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துக் கலத்துக்குப் பக்கத்தில் நீரில் விடுவதும் அவற்றை அழைப்பதாகும். மீனை ஐஸ் பெட்டியில் வையுங்கள், குடலை நீரில் எறியாதீர்கள், பொழுது சாய்வதற்கு முன்னர் கரையேறுங்கள். யானை நீர் குடிக்க வரும் கரைகளும் உண்டு என்பதால் இது இரட்டிப்பு அவசியம். துருசின் வாயிலுக்கும் திறந்த வான்கதவுக்கும் அருகில் போகவே வேண்டாம்.

களப்பிலிருந்து வந்த நாளில் கலத்தை நன்னீரால் கழுவி, பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஈரம் உலர விடுங்கள். வெயிலில் மல்லாந்து கிடந்தால் அடி நெளிந்துவிடும். ஓலைக் கொட்டிலின் நிழலில், அகன்ற பட்டிகள் இரண்டில் தொங்கவிட்டோ பக்கவாட்டில் சாய்த்தோ வையுங்கள். மாரி தொடங்குமுன் எல்லாப் போல்ற்றுகளையும் ஒருமுறை இறுக்கி, அங்கியின் தையலையும் நங்கூரக் கயிற்றையும் கையால் இழுத்துப் பாருங்கள்.